நீட்டிப்பு வேண்டாம் என்பதற்கு விடுதலைப் பத்திரம் கேட்பது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர்,
உரிமையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டைம்ஷேர் ஒப்பந்த நீட்டிப்பை மறுப்பதற்காக நீங்கள் அனுப்பிய பத்திரத்தில் உள்ள குறைகள், உங்கள் ஊழியர்கள் சொன்ன முரண்பட்ட தகவல்கள் – புகார்.

மதிப்பிற்குரியீர்,

நானும் என் தம்பியும் உங்கள் ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் டைம்ஷேர் உரிமையைக் கூட்டாக வைத்திருக்கிறோம். எங்களுடையது ஆண்டின் 23ஆம் வாரம். வாங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. பராமரிப்புக் கட்டணத்தை இதுவரை ஒருமுறைகூடக் கெடு தவறவிட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர் எங்களைப் பாக்கிக்காரர்களாக நினைத்துப் பேசியதுதான்.

போன மாதம் உங்களிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அதில் இரண்டு தாள்கட்டுகள் இருந்தன. ஒன்று கடிதம். ரிசார்ட் நிற்கும் நிலத்தின் குத்தகை 15 ஆண்டு நீட்டிக்கப்பட்டிருக்கிறது, உரிய தொகையைக் கட்டினால் எங்கள் உரிமையும் அந்த அளவுக்கு நீளும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். மற்றொன்று, நீட்டிப்பு வேண்டாதவர்கள் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு 30 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டிய நான்கு பக்க விடுதலைப் பத்திரம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் ஒட்டியிருந்தன. அந்தச் சீட்டுகளை மட்டும் பார்த்துப் போனால் இரண்டாம் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்தை முடித்துவிடலாம். எங்கள் புகாரே அந்த இரண்டாம் பக்கத்தைப் பற்றியதுதான்.

நீட்டிப்பு வேண்டாம் என்பதை நாங்கள் யோசித்தே முடிவு செய்தோம். எங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் 17 ஆண்டு பாக்கி இருக்கிறது. எனக்கு இப்போது 61 வயது. அது முடியும்போது 78 ஆகியிருக்கும். நீட்டிப்பும் முடியும்போது 93. என் மகளிடம் கேட்டேன். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு பொறுப்பு தன் தலையில் வந்து விழுவதை அவள் விரும்பவில்லை. தம்பிக்கு 44 வயதுதான். அவன் மட்டும் நீட்டித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்தே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும் என்றீர்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு அவனும் வேண்டாம் என்றுவிட்டான். ஆக, நீட்டிப்பில் எங்களுக்குள் தகராறு இல்லை. கையெழுத்துப் போடுவதா, கூடாதா என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி. "அண்ணா, போட்டு அனுப்பிடலாம், இந்த போன் தொல்லையாவது விடும்" என்கிறான் தம்பி. என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பத்தியில் உள்ள வாசகத்தின் பொருள் இது: கையெழுத்திடும் உரிமையாளர், பிரதிபிரயோஜனம் (அதாவது கைமாறாகப் பணமோ வேறு பலனோ) பெற்றுக்கொண்டு, மேற்படி சொத்தில் தமக்கு இன்று உள்ளதும் இனி வரக்கூடியதுமான சகல உரிமைகளையும் பாத்தியதைகளையும் நிறுவனத்துக்கு விடுதலை செய்து கொடுக்கிறார்.

"இன்று உள்ளதும்" என்ற சொல் அங்கே எதற்கு? நாங்கள் வேண்டாம் என்பது இன்னும் 17 ஆண்டு கழித்துத் தொடங்கப்போகும் 15 ஆண்டைத்தான். கைவசம் இருக்கும் 17 ஆண்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. "பழைய ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகான ஆண்டுகளுக்கு மட்டும்" என்ற வரம்பைப் பத்திரம் முழுவதும் தேடினேன், இல்லை. இன்றைய உரிமை பாதிக்கப்படாது என்று உடன் வந்த கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நோட்டரி முன் கையெழுத்தாகி ஆவணப் பதிவுக்குப் போகப்போவது பத்திரம். கடிதம் என் அலமாரியில்தான் கிடக்கும். நாளை ஒரு வழக்கு வந்தாலோ, உங்கள் நிறுவனம் வேறொருவர் கைக்குப் போனாலோ, பதிவான வாசகத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

அதே பக்கத்தில் பகுதி எண்ணுக்கும் வார எண்ணுக்கும் விட்ட இடங்கள் காலியாக இருக்கின்றன. எங்கள் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன, உறுப்பினர் எண் இருக்கிறது, எதை விடுதலை செய்கிறோம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பூர்த்தியாகாத பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் அப்பா எங்களுக்குச் சொல்லி வளர்த்தது. "பிரதிபிரயோஜனம் பெற்றுக்கொண்டு" என்பதும் உண்மைக்கு மாறானது. நாங்கள் எதையும் பெறவில்லை. நோட்டரி செலவையும் பதிவுச் செலவையும் நாங்களே ஏற்க வேண்டும் என்றுதான் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

இவற்றைக் கேட்கத்தான் உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். முதலில் பேசியவர், கையெழுத்துப் போடாவிட்டால் நீட்டிப்பை ஏற்றதாக எடுத்துக்கொண்டு கட்டண ரசீது அனுப்புவோம் என்றார். இரண்டாவதாகப் பேசியவர், போடாவிட்டால் ஒன்றும் ஆகாது, பழைய தேதியில் ஒப்பந்தம் தானாக முடியும் என்றார். மூன்றாவதாகப் பேசியவர்தான் என் மனதைப் புண்படுத்தினார். போடாதவர்களுடைய முன்பதிவு "நிறுத்தி வைக்கப்படலாம்" என்றார். எந்த விதியின் கீழ் என்று கேட்டதும் குரலை உயர்த்தினார். ஒரே கேள்விக்கு ஒரே நிறுவனத்திலிருந்து மூன்று பதில் வந்தால் எதை நம்பி ஒருவர் நோட்டரியிடம் போவது?

உங்களுக்கு இந்தக் கையெழுத்து ஏன் தேவைப்படுகிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். நிலக் குத்தகையை மொத்த ரிசார்ட்டுக்குமாக நீட்டும்போது, ஆவணம் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, அந்தக் கூடுதல் ஆண்டுகளின் மீது பணம் கட்டாத உரிமையாளர்களுக்கும் பாத்தியதை வந்துவிடக்கூடும் என்றார். அதை அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் நிறுவனம் அந்த ஆண்டுகளை வில்லங்கமில்லாமல் வேறு ஒருவருக்கு விற்க முடியும். எங்கள் விஷயத்திலும் காரணம் இதுதான் என்றால், எங்கள் "வேண்டாம்" உங்கள் கைக்கு வந்ததும் விற்பனைக்கு உரிய சரக்காகிறது. அதில் தவறில்லை. ஆனால் அதை எங்களிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். வெறும் அலுவலக நடைமுறை என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் மூல ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். குறிப்பிட்ட தேதியோடு உரிமை தானாக முடிவுக்கு வரும், அதற்கு உரிமையாளர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. முடிவு தேதியைத் தள்ளிப்போட விரும்புகிறவர்தான் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். உள்ளபடியே இருக்கட்டும் என்பவரிடம் கையெழுத்துக் கேட்பதும், தராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்பதும் அந்த ஒப்பந்தத்துக்கு நேர் மாறானவை.

டைம்ஷேரில் இத்தகைய அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துதான் பல இடங்களில் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த நெறிமுறையில் வாங்கியவர் மனம் மாறிக்கொள்ள 10 நாள் இருந்தது. 2008ஆம் ஆண்டு நெறிமுறை அதை 14 நாளாக்கியது, அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்கக் கூடாது என்ற பழைய தடையையும் தொடர்ந்தது. விலகுவதற்கான படிவத்தை விற்பவரே ஒப்பந்தத்தோடு தர வேண்டும், தராவிட்டால் விலகும் காலம் ஓராண்டும் 14 நாளுமாக நீளும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 10 நாள் அவகாசம் உண்டு, வாங்கியவரே அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் செல்லாது. முடிவில்லாமல் நீளும் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த ஸ்பெயின் 1998இல் சட்டம் போட்டு 50 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்தது. இவை எங்கள் பத்திரத்துக்குப் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் வேண்டாம் என்பவருக்கு வழி எளிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்பதில் இவை எல்லாம் ஒத்துப்போகின்றன. உங்கள் 30 நாள் கெடுவும் காலியிடங்களும் அதற்கு எதிரானவை.

இன்னொரு விஷயத்தை உங்கள் கடிதம் தொடவே இல்லை. எங்களைப் போன்றவர்கள் கவலைப்பட வேண்டியது கட்டணத்தைப் பற்றித்தான். நாங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதி ஒதுக்கு நிதிக்குப் போகிறது. கூரை மாற்ற, லிஃப்ட் மாற்ற, குழாய்களைப் புதுப்பிக்க அதிலிருந்துதான் எடுக்கிறீர்கள். அது போதாதபோது சிறப்பு வசூல் என்று தனியாகவும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் காலத்தின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் 25 ஆண்டு உழைக்கும் ஒரு கூரையைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பணத்தை, அதன் கீழ் ஐந்தாறு முறை மட்டுமே தங்கப்போகும் நாங்களும் நீட்டித்தவர்களும் சமமாகக் கட்டுவதா? இரு தரப்புக்கும் தனிக் கணக்கு வைப்பீர்களா? ஒதுக்கு நிதியில் எங்கள் பங்காகச் சேர்ந்து மிஞ்சியிருப்பது முடிவு தேதியில் என்ன ஆகும்? விடுதலைப் பத்திரத்தின் "சகல உரிமைகள்" என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கிவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. கூடத்தில் இருக்கும் பழைய சோபாவை மாற்றக்கூட எங்களிடம் மூன்று பக்க விளக்கம் அனுப்பியவர்கள் நீங்கள். இதற்கு ஒரு வரி எழுதாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

ஆகவே, இந்தப் பத்திரம் இப்போது இருக்கும் வடிவத்தில் நாங்கள் கையெழுத்திட மாட்டோம். பதிவுக்கு உண்மையிலேயே ஓர் ஆவணம் தேவை என்றால், மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டு இந்த வாசகத்தைச் சேருங்கள்: "உரிமையாளர்கள், தங்கள் மூல ஒப்பந்தத்தின் முடிவு தேதிக்கு மறுநாள் தொடங்கும் நீட்டிப்புக் காலத்தின் மீது மட்டும் தங்களுக்கு வரக்கூடிய உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள்; அந்தத் தேதி வரையிலான எந்த உரிமையும், ஒதுக்கு நிதியின் மீதான பாத்தியதையும், இதனால் குறையாது." பகுதி எண்ணையும் வார எண்ணையும் அச்சிலேயே நிரப்பி அனுப்புங்கள். நாங்கள் பெறாததைப் பெற்றதாகச் சொல்லும் சொற்களை நீக்குங்கள். ஆவணம் உங்கள் தேவைக்காக என்பதால் நோட்டரி செலவும் பதிவுச் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். அப்படி வந்தால் நானும் தம்பியும் அதே வாரத்தில் போய்க் கையெழுத்திட்டு அனுப்புகிறோம்.

கையெழுத்திடாதவர்களின் நிலை என்ன என்பதற்கு மூன்று பதில்களில் எது சரி என்று பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். அதுவரை எங்கள் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. நீட்டிப்பை நாங்கள் ஏற்கவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே எழுத்துபூர்வமான சாட்சி. அடுத்த ஆண்டு 23ஆம் வாரத்துக்கான எங்கள் முன்பதிவில் எந்தத் தடையும் வைக்கக் கூடாது. என் தம்பி வேலைநேரத்தில் இருக்கும்போது அவனுக்கு போன் செய்து அவசரப்படுத்துவதையும் இன்றோடு நிறுத்த வேண்டும். பேச வேண்டியது எதுவானாலும் எங்கள் இருவர் பெயருக்கும் கடிதமாக வரட்டும்.

15 நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் பத்திரத்தின் நகலையும் வைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
23ஆம் வார உரிமையாளர்
(தம்பியின் சம்மதத்துடன், இருவர் சார்பாகவும்)

இணைப்பு: கையெழுத்திடாத விடுதலைப் பத்திரத்தின் நகல், இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையால் கோடிட்டது, மூல ஒப்பந்தத்தில் முடிவு தேதி உள்ள பக்கத்தின் நகல், மூன்று தொலைபேசி உரையாடல்களின் தேதி, நேரக் குறிப்பு.