பசை வாளியை இப்போதைக்குத் திறக்காதே

நோர்வூட், இலங்கை
ஜூன் 14

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். வீடு வாங்கிய கையோடு சுவரில் கைவைத்துவிட்டாய். பெயின்டுக்கோ வோல்பேப்பருக்கோ முன் சுவரை மட்டமாக்க ஒட்டும் லைனிங் பேப்பரை ஒட்டப்போவதாக நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியதும், "தோட்டத்து லைன் வீட்டை விட்டுப் போனவளுக்கு அங்கேயும் லைனா?" என்று அம்மா சிரித்தாள்.

அவளும் இதே வேலையைச் செய்தவள்தான். தீபாவளிக்கு முந்திய வாரம் கோதுமை மாவைக் காய்ச்சி, பழைய வீரகேசரியை லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டுவாள். பசையில் மயில்துத்தம் போட மறந்த வருஷம், அரசியல் பக்கங்களைக் கரப்பான் பூச்சி தின்று தீர்த்தது.

நான் கற்றுக்கொண்டது வேறு இடத்தில். பெயின்ட் பாஸுக்கு, அதாவது பெயின்ட் மேஸ்திரிக்கு, உதவியாளாகப் போன முதல் வருஷம், ஒரு பங்களாவின் சாப்பாட்டு அறை. வெளியே விடாத சாரல். சுவரில் கை வைத்தாலே சில்லென்றிருந்தது. தோட்டத் துரைக்கு விருந்தாளி வருகிறார் என்ற அவசரத்தில் ஒட்டிவிட்டோம். மூன்றாம் நாள் காலை, கணப்புக்குப் பக்கத்தில் கடதாசி மேலிருந்து கழன்று வாழைச்சருகு போலத் தொங்கியது. பின்னால் முழுவதும் கரும்பூஞ்சை. எங்கள் கூலியும் அதோடு போயிற்று.

அதனால்தான் உன் படுக்கையறை மூலையில் தெரிகிற மஞ்சள் திட்டு என்னை உறுத்துகிறது. எவ்வளவு தடித்த கடதாசியை ஒட்டினாலும் ஈரம் வெளியே வந்துவிடும். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் வெட்டி, அந்தத் திட்டின் மேல் நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடு. சுவரைத் தொட்ட பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரையையும் மழைநீர்ப் பீலியையும் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறையின் ஆவி. ஜன்னலைத் திறந்து வை.

சுவர் காய்ந்தபின் மற்றதெல்லாம் சுலபம். விரல் முட்டியால் தட்டிப் பார். பொள்ளென்று கேட்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி நிரப்பித் தேய். பிறகு நீர்த்த பசையைச் சுவருக்கு ஒரு கை பூசு. இல்லாவிட்டால் கடதாசியின் பசையைச் சுவர் குடித்துவிடும்.

அங்கே லைனிங் பேப்பரை 800 முதல் 2000 வரை எண் போட்டு விற்பார்கள்; எண் ஏற ஏறத் தடிப்பு. உன் சுவருக்கு 1400 போதும். மேலே பெயின்ட் அடிப்பதானால் நெடுக்காக ஒட்டு. பூப்போட்ட வோல்பேப்பர் வரப்போகிறதென்றால் குறுக்காக ஒட்டு. இரண்டின் மூட்டும் ஒரே இடத்தில் விழாது. குறுக்கே ஒட்டும்போது, பசை தடவிய கடதாசியைச் சேலைக் கொசுவம் போல மடித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடு. மருமகன் ஒரு முனையைப் பிடிக்கட்டும். படங்களில் அவர் தேநீர்க் கோப்பையோடுதான் நிற்கிறார்.

எல்லாத் துண்டும் ஒரே நேரம் ஊற வேண்டும். ஒன்று 5 நிமிடமும் அடுத்தது 15 நிமிடமும் ஊறினால், விரிவது வேறுபட்டு, காயும்போது மூட்டு வாய் பிளக்கும். ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாதே, முட்டவைத்தால் போதும். சின்னக் கொப்புளங்கள் காயும்போது தாமே அமுங்கிவிடும். ஹீட்டரைக் கூட்டிவைத்து அவசரப்படுத்தாதே.

தாளின் எந்தப் பக்கம் வியர்த்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா