எங்கள் பூக்கடைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபி பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டியில் பூ விற்ற எனக்கு இன்று சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. உதவியவர்களை நேரில் கும்பிட்டுவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் மனசு ஆறும்.

முதலில் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் எனக்குச் சரக்கு எடுத்துத் தரும் அண்ணனுக்கு. இந்தத் தொழிலுக்குக் காலையிலேயே ரொக்கம் வேண்டும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து சுருங்கிவிடும். தை முகூர்த்தம் வந்தால் கிலோ ஆயிரங்களில் ஏலம் போகும். அப்போது கையில் காசில்லாவிட்டால் நாள் வட்டிக்காரர்தான் கதி. காலையில் வாங்கிய பணத்துக்குச் சாயங்காலம் வட்டி கட்டினால், நாளெல்லாம் விரல் நோகத் தொடுத்ததில் நமக்கென்று என்ன மிஞ்சும்? அண்ணன் மட்டும், "வித்துட்டுக் குடு அம்மணி, வெயிலுக்கு முன்னாடி பஸ் ஏறு" என்பார். ஒரு பைசா வட்டி கேட்டதில்லை.

அடுத்து, நகராட்சியில் தெரு வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு வந்த தம்பிக்கு. வியாபாரி அடையாள அட்டை வாங்கித் தந்து, தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசு தரும் ஸ்வநிதி கடனுக்கும் எழுதிக் கொடுத்தார். 2020-இல் தொடங்கிய திட்டம் அது. முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, அதற்கப்புறம் 50,000. இப்போது முதல் இரண்டு தவணைகளையும் 15,000, 25,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள். தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்கிலேயே வந்துவிடும். நாள் வட்டியிலிருந்து நான் மீண்டது அந்த முதல் பத்தாயிரத்தில்தான். இன்னும் வட்டிக்காரரிடம் நிற்கும் பூக்காரம்மாக்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடை வைக்க நினைத்தபோது ஒரு வங்கியில் நிலப் பத்திரம் கேட்டார்கள். நிலமும் இல்லை, நகையும் இல்லை. சாயங்காலம் வாடிப்போகும் சரக்கை ஈடாகக் காட்டவா முடியும்? எங்கள் சுய உதவிக் குழுத் தலைவி அக்காதான் வேறொரு வங்கிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த மேலாளர் அம்மா, சிறு தொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் தரும் முத்ரா கடனுக்கு அடமானம் தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினார். 50,000 வரைக்கும் சிசு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. எனக்குக் கிஷோர் கிடைத்தது. குழுக் கணக்கில் நான் ஒழுங்காகக் கட்டி வந்ததைப் பார்த்துத்தான் என்னை நம்பியதாகச் சொன்னார் அந்த அம்மா. ஓசூர் ரோஜாவும் நீலகிரி கார்னேஷனும் வாடாமல் இருக்கக் குளிர்பெட்டி வாங்கினேன். மணமேடை அலங்கார ஆர்டர் எடுக்கும் துணிவு அதில்தான் வந்தது.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை ஆதாரை வைத்து இணையத்தில் போட்டுக் கொடுத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். அதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் நங்கை (அண்ணி முறை) மாலை கட்டுவதில் கெட்டிக்காரி. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் பூ தொடுப்பதும் ஒரு தொழில் என்று அவருக்குச் சொல்லி, மாவட்டத் தொழில் மையத்துக்கு வழிகாட்டியதும் குழுத் தலைவி அக்காதான். 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வழிவழியாக இதே தொழில் செய்த குடும்பமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

தினமும் இரண்டு முழம் வாங்கி, சில்லறை இல்லாத நாளில் பேசாமல் கியூஆரில் அனுப்பிய அக்கா தங்கச்சிகளுக்கும் நன்றி. வங்கியில் என் வியாபாரத்துக்குச் சாட்சியாக நின்றது நீங்கள் அனுப்பிய அந்த வரவும்தான்.

பூ விற்கும் யாருக்காவது இந்த விண்ணப்பங்களில் சந்தேகம் இருந்தால் கடைக்கு வாங்க. காலையில் மாலைக் கட்டு இருக்கும், மதியத்துக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசலாம். ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துட்டு வாங்க.

நன்றியுடன்,
ஒரு பூக்கடைக்காரி,
கோபிசெட்டிபாளையம்