கைதட்டலைவிட டூட்டி சார்ட் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். கொரோனா காலத்தில் செவிலியர்கள் பட்ட மன உளைச்சலைப் பற்றி இத்தனை வருடம் கழித்தாவது எழுதினீர்களே, நன்றி. ஆனால் தீர்வு என்று வரும்போது யோகா, தியானம், மனநல ஆலோசனை என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். அரசு மருத்துவமனை வார்டிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவள் நான். அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்ததும் சரி, ஒடித்துப் போட்டதும் சரி, பெரும்பாலும் எங்களுக்கு மேலே இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

சீனாவில் சாங்ஷா என்ற ஊரில் இரண்டாம் சியாங்யா மருத்துவமனை இருக்கிறது. 2020 தொடக்கத்தில் அங்கே ஊழியர்களுக்காக மனநலக் குழு, தொலைபேசி ஆலோசனை, கூட்டுப் பயிற்சி என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார்கள். செவிலியர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எரிச்சலும் சோர்வும் முகத்தில் தெரிந்தாலும், கேட்டால் "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றே சொன்னார்கள். சரி, என்னதான் வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டபோது பதில் வந்தது. யாரும் தொந்தரவு செய்யாத ஓய்வும் போதுமான கவச உடைகளும் வேண்டும், ஆலோசகர் வேண்டாம். நிர்வாகம் திட்டத்தையே மாற்றியது. தங்கி ஓய்வெடுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். தாங்கள் மருத்துவமனையில் எப்படி இருக்கிறோம் என்பதை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப உதவினார்கள். அதற்குப் பிறகு ஆலோசகர்களே ஓய்விடத்துக்குப் போய் ஊழியர்கள் சொல்வதைக் கேட்டார்கள். லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல ஆய்விதழில் அந்த வருடமே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டதையும், கேட்டபின் மாற்றிக்கொண்டதையும்தான் நான் நல்ல தலைமை என்கிறேன்.

அதே சமயத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவ ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன, நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் மன நெருக்கடியில் இருந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் செவிலியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நம் வார்டுகளில் இருந்தவர்களுக்கு இதைப் படித்தால் ஆச்சரியம் வராது.

நான் அந்தக் காலத்தில் இரண்டு பொறுப்பாளர்களின் கீழ் வேலை பார்த்தேன். முதலாமவரின் உத்தரவெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். இரவு பதினொரு மணிக்கு "நாளை காலை ஐ.சி.யூ.வில் ரிப்போர்ட் செய்யவும்" என்று ஒரு வரி. எத்தனை நாளைக்கு, ஏன் என்று கேட்டால் மெமோ. கிட் என்று நாங்கள் சொல்லும் கவச உடைக்குள் போனால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது, மாதவிலக்கு என்றால் சொல்லவே வேண்டாம். அதையெல்லாம் உடம்பு எப்படியோ பழகிக்கொண்டது. செல்போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பதுதான் கடைசிவரை பழகவில்லை. எங்களில் பாதிப் பேர் தூக்கம் கெட்டது நோயாளிகளால் இல்லை, அந்தக் குரூப்பால்.

அப்புறம் வந்தவர் பாசமழை பொழிந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கோபக்காரி. கிளவுஸ் மாற்றாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் அங்கேயே திட்டு விழும். ஆனால் இரண்டு வாரத்துக்கான டூட்டி சார்ட்டை முன்கூட்டியே ஒட்டிவிடுவார். மாற்ற வேண்டி வந்தால் நேரில் வந்து காரணம் சொல்வார். கைக்குழந்தைக்காரர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் தனியாகக் குறித்து வைத்திருந்தார். அவரும் கிட் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். உடை மாட்டியதும் யார் யாரென்று தெரியாது என்பதால் மார்க்கர் பேனாவை எடுத்து எங்கள் முதுகில் பெயர் எழுதிவிடுவதும் அவர்தான். இரண்டாம் அலையில் ஒரு நாள் சின்ன வயதுக்காரர் ஒருவர் இறந்து, உடலை மூடி அனுப்பிய பெண் அப்படியே நின்றுவிட்டாள். "போ, உடையைக் கழற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டு, அவள் பார்த்த கட்டில்களை இவரே பார்த்தார். நோயாளி அதே, கிட் அதே, சம்பளம் அதே. லீவு கேட்டு அழுகிறவர்கள் மட்டும் குறைந்தார்கள். மேலாண்மைப் படிப்பில் இதற்கு ஏதேதோ பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள், வைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல பொறுப்பாளர் வாய்த்தாலும் ஒப்பந்தச் செவிலியரின் பயத்தை அவரால் போக்க முடியாது. 2015இல் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அது 14,000 ஆனது. கொரோனாவுக்காக எடுத்தவர்களும் அதே 14,000க்கு, அதுவும் ஆறு ஆறு மாத நீட்டிப்பில் ஓடினார்கள். 'எனக்கு முடியவில்லை' என்று சொன்னால் அடுத்த நீட்டிப்பு வருமா என்று பயப்படுகிறவள் எந்த ஆலோசகரிடம் மனம் திறப்பாள்? 2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுக்க கொரோனா ஒத்திகை நடத்தி படுக்கை, ஆக்சிஜன், வென்டிலேட்டரையெல்லாம் சரிபார்த்தார்கள். நான்காம் நாள், டிசம்பர் 31 அன்று, தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரோனா காலச் செவிலியர்களுக்கு பணி நீட்டிப்பு இல்லை என்றாகிவிட்டது. பிறகு மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நான்கு நாள் இடைவெளியை நாங்கள் யாரும் மறக்கவில்லை. 2020 மார்ச் 22இல் தட்டிய கையும், மே 3இல் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்த பூவும் எதற்கு என்று அப்போது தோன்றியது.

இன்னொரு விஷயம். நம் மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளர் ஆவது பெரும்பாலும் சீனியாரிட்டியில்தான். அதில் தப்பில்லை. ஆனால் இருபது, இருபத்தைந்து வருடம் ஊசி போட்டவரைத் திடீரென்று நாற்காலியில் உட்கார வைத்து அறுபது பேரை நடத்து என்றால் அவர் என்ன செய்வார்? தனக்கு மேலே இருந்தவர் தன்னை எப்படி விரட்டினாரோ அப்படியே விரட்டுவார். பதவி உயர்வுக்கு முன் சில வாரமாவது ஆட்களை நடத்தும் பயிற்சி கொடுக்கலாம். அடுத்த ஒத்திகையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு, டூட்டி சார்ட் எப்படிப் போடுவது, யாருக்கு எப்போது ஓய்வு, அந்தரங்கமாகக் குறை சொல்ல யாரிடம் போவது என்பதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

அடுத்த வருடம் சிறப்புப் பக்கம் போடும்போது நிபுணர்களோடு, நைட் டூட்டி முடித்து வரும் சிஸ்டர்கள் இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஏழரை மணிக்கு முன்னால் போக வேண்டாம், அது அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
திருநெல்வேலி மாவட்டம்