சாந்தி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாந்தி அக்கா,

உங்கள் பெயரை மாற்றி, உங்கள் சம்மதத்தோடுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கு வந்தேன். துக்கம் விசாரித்த எல்லாரிடமும் "நெஞ்சுவலி" என்றே சொன்னீர்கள். தம்பியின் மோட்டார் ஹெல்மெட் வாசல் ஆணியில் அப்படியே தொங்கியது. அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் உயிரை மாய்த்துக்கொண்டபோது எனக்கு 14 வயது. அம்மா ஊருக்கு வேறு காரணம் சொன்னார். அப்புறம் அவன் பெயரையே யாரும் எடுக்கவில்லை. படம்கூட அலமாரிக்குள் போய்விட்டது. முந்தின நாள் அவனோடு சண்டை போட்டிருந்தேன். என்னால்தான் போய்விட்டான் என்று எத்தனையோ வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஆளில்லை, ஏனென்றால் பேச்சே இல்லை.

அதனால்தான் உங்கள் மகளை நினைத்துப் பயமாக இருக்கிறது. அன்று அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே, "எனக்கும் இருக்கப் பிடிக்கலம்மா" என்றாள். "அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டினீர்கள். பயத்தில் வந்த வார்த்தை, புரிகிறது. ஆனாலும் அவளை உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பழைய பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றிருந்த மலேசியக் குற்றவியல் சட்டம் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

உங்களுக்கும் ஒரு எண் தருகிறேன்: மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் சொல்வதைப் போனில் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, 03-76272929. 1970-லிருந்து இருக்கிறார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சாக நினைப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, பறிகொடுத்தவரும் அழைக்கலாம். நான் முதல் தடவை அழைத்தபோது பத்து நிமிஷம் வெறுமனே அழுதேன். அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. "இருக்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அக்கா. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் தம்பி வாங்கிய கோப்பையைக் காட்டுவதாகச் சொன்னீர்களே, எடுத்து வையுங்கள். மகளும் கூட உட்காரட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய பக்கத்து வீட்டுத் தங்கை