பிரிந்து வாழ்வோருக்கு உயில் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லாண்டுகளாகப் பிரிந்து வாழும் கணவன் மனைவி, விவாகரத்துக்காக நீதிமன்றப் படியேறி அலைவதைவிட ஓர் உயில் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், இது பாதிதான் சரி என்று சொல்ல விரும்புகிறேன்.

உயில் அவசரமாகத் தேவை என்பதில் ஐயமில்லை. எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தாலும் விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை மனைவி மனைவியே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் அவருக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்து, அதில் முதல் வரியிலேயே அந்த மருமகளின் பெயரைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்கள் விழித்துக்கொள்கின்றன. பெண்களின் நிலை இன்னும் மோசம். பிள்ளையில்லாத பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லையென்றால், பெற்ற தாய் உயிரோடிருந்தாலும் பிரிந்துபோன கணவருக்கே முழுவதும் போய்ச் சேரும். புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டார் படிக்க வைத்து வேலைக்குப் போன ஒரு விதவையின் சேமிப்பு கணவர் வழி உறவினருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றமே 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் அப்படி இருக்கிறது. நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. விவாகரத்து இல்லாமல் செய்துகொண்ட இரண்டாம் திருமணத்தையும் எந்த உயிலும் செல்லுபடியாக்காது. இருவரும் சம்மதித்தால், ஓராண்டு பிரிந்திருந்ததைக் காட்டிப் பரஸ்பர விவாகரத்து கேட்கலாம். அதன்பின் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தையும் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மறுமணமோ ஓய்வூதியமோ குறுக்கே இருந்தால் இந்த வழியைத் தள்ளிப்போடக் கூடாது.

உயில் எழுதுவோர் பலர் பிரிந்த துணையின் பெயரையே விட்டுவிடுகிறார்கள். அத்தகைய உயில்களை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு. எந்த ஆண்டிலிருந்து பிரிந்திருக்கிறோம், ஏன் பங்கு தரவில்லை என்று இரண்டு வரி சேர்த்து, இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. வங்கிக் கணக்கிலும் வருங்கால வைப்பு நிதியிலும் திருமணமான புதிதில் எழுதிக் கொடுத்த நாமினி பெயர் இன்னும் அப்படியே இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
திருச்சி.