எண்ணாமலே எழுதப்படும் இருபது

ஆசிரியர் அவர்களுக்கு,

விரலில் கொழுவிப் பார்க்கும் ஒட்சிமீற்றர் கொரோனாக் காலத்தோடு எங்கள் பக்கத்துப் பல வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதில் 97 வீதம் கண்டதும் மூச்சுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டாரும், சில நேரம் ஆஸ்பத்திரி விடுதியில் நிற்கும் தாதியரும் முடிவுகட்டிவிடுவதுதான் சிக்கல். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்லும். அந்த அளவைத் தக்கவைக்க நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்பது மூச்சு எண்ணிக்கையில்தான் தெரியும்.

அந்த எண்ணிக்கையில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. பதிவுத் தாளைப் புரட்டினால் கட்டிலுக்குக் கட்டில் 20, 20, 18, 20 என்று ஓடும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால் 20 எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. முறையாக எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சுத் தவறினாலே கணக்கில் நாலு பிசகும். 24 இருப்பவர் 20 ஆகிவிடுவார். எண்ணப்போவதாகச் சொல்லவும் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறும். நாடி பார்த்த விரலை எடுக்காமலே கண்ணை நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளியின் கையை அவர் நெஞ்சின்மேல் மடித்து வைத்துக்கொண்டால் போர்வை மறைத்தாலும் ஏற்ற இறக்கம் தெரியும். 25ஐத் தொட்டாலோ, 8க்கு இறங்கினாலோ, மற்றெல்லாம் சரியாக இருந்தாலும் உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு அளவு வேறு. 2 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலே வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அழுகிற, பால் குடிக்கிற பிள்ளையில் எண்ணிய எண் உதவாது. தாயின் மடியிலேயே வைத்து, அமைதியான பிறகு, சட்டையை உயர்த்தி எண்ணுங்கள். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபடுகிறதா என்பதும் அப்போதே கண்ணில் படும்.

வயலும் வாடியுமான மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இது இன்னும் முக்கியம். கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் இரவில் நிலத்தில் படுத்திருப்போரைக் கடிக்கும். கடிவாயில் நோவோ வீக்கமோ அநேகமாக இராது. பிறகு இமை தொங்கும், விழுங்கக் கஷ்டமாகும், கடைசியில் மூச்சுத் தசைகள் சோரும். மூச்சின் ஆழம் குறைந்துகொண்டே போனாலும், ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தால் விரலில் 98 நிற்கக்கூடும். அது விழத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். நன்றாக ஒரு மூச்சை இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என உரக்க எண்ணச் சொல்லுங்கள். முதலில் 30 வரை போனவர் அடுத்த தடவை 18இல் நின்றால், ஒட்சிமீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிநாசினி நஞ்சில் கதை வேறு. சுரப்பு பெருகி இரு பக்க நெஞ்சிலும் பொரிபொரிச் சத்தம் கேட்கும். சுரப்பை அடக்கக் கொடுக்கும் அத்ரோபின் மருந்து போதுமா என்று தீர்மானிக்க நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பதோடு நெஞ்சு தெளிகிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் ஒரே இடத்தில், அதிலும் வலப்பக்க அடியில் மட்டும் சத்தம் விடாமல் நின்றால் வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அதை அத்ரோபின் தெளிவாக்காது. அந்தச் சத்தத்தைத் துரத்தி மருந்தைக் கூட்டினால் நோயாளி பிதற்றத் தொடங்குவார், உடம்பு கொதிக்கும்.

ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை: குனிந்து கையூன்றி இருக்கிறாரா, கழுத்துத் தசை எழும்புகிறதா, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா. ஒட்சிசன் குறைவால் வரும் நீலத்தைப் பார்ப்பதென்றால் நாக்கில் பாருங்கள். கடும் குருதிச்சோகை உள்ளவருக்கு அதுகூடத் தெரியாமல் போகலாம். முதுகில் இரு கையையும் வைத்துப் மூச்செடுக்கும்போது பெருவிரல்கள் சமமாக விலகுகின்றனவா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. விரல் தட்டி, ஒரு பக்கம் மந்தமாக ஒலித்தால் நீரோ சளிக்கட்டோ இருக்கலாம். பறைபோல அதிர்ந்தால் காற்று.

கேட்பதில்தான் பிழைகள் கூட. சேலைக்கும் அபாயாவுக்கும் மேலாக வைத்துக் கேட்பது துணி உரசும் சத்தத்தைக் கேட்பதுதான். திரையை இழுத்து, பெண் ஒருவர் துணைநிற்க, முதுகுப் பக்கத்தை மட்டும் தளர்த்தினால் போதும். கருவியின் வட்டத்தட்டைக் கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வழக்கத்தைவிட ஆழமாக மூச்செடுக்கச் சொல்லி, ஒவ்வோர் இடத்திலும் உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டையும் முழுதாகக் கேட்க வேண்டும். இடப்பக்கத்தில் கேட்ட அதே மட்டத்தில் வலப்பக்கத்திலும் கேட்டு, மேலிருந்து கீழே இறங்குங்கள். தோளெலும்பின்மேல் ஒன்றும் கேளாது; கைகளைக் குறுக்கே கட்டித் தோளைப் பிடிக்கச் சொன்னால் எலும்பு விலகும். நுரையீரலின் கீழ்ப்பகுதிகளான கீழ்ச்சோணைகள் பெரும்பாலும் முதுகுப் பக்கமே இருப்பதால், எழும்ப முடியாதவரைச் சரித்தாவது கேட்க வேண்டும். முன்னால் மட்டும் கேட்டு நிமோனியா இல்லை என்று எழுதுவது வாசலில் நின்று வீடு முழுக்கப் பார்த்ததாகச் சொல்வதுபோல. நெஞ்சுமயிர் உரசினாலும் பொரிகிறமாதிரிக் கேட்கும், நனைத்துவிட்டுக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் இருமச் சொல்லி மறுபடி கேளுங்கள்; மறைந்தால் சளி. முட்டு (ஆஸ்துமா) வந்தவருக்கு இழுப்புச் சத்தம் திடீரென நின்று, ஆள் களைத்துச் சோர்ந்தால் அது குணமல்ல. காற்றே உள்ளே போகவில்லை.

ஒட்சிமீற்றரை விடச் சொல்லவில்லை. நகப்பூச்சை அழித்து, குளிர்ந்த விரலைச் சூடாக்கிப் பாருங்கள். பொதுவாக 94 முதல் 98 வரை இலக்கு. நெடுங்காலம் சுருட்டும் பீடியும் புகைத்து நுரையீரல் கெட்டவர் பலருக்கு 88 முதல் 92 வரை போதும். 90ஐக் கண்டு பதறி ஒட்சிசனைக் கூட்டினால் காபனீரொட்சைட்டுத் தேங்கி மயங்கிவிடலாம்.

எழுதும்போது, “நெஞ்சு தெளிவு” என்பதற்குப் பதிலாக, “காலை 6.10, நிமிடத்துக்கு 26, ஒட்சிசன் 2 லீற்றரில் 95, வலது அடியில் பொரிசத்தம், இருமியும் மாறவில்லை” என்று எழுதுங்கள். பகல் முறைக்கு வருபவர் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது அந்த வரியிலிருந்துதான்.

இங்ஙனம்,
தாதியக் கற்பித்தலில் ஈடுபட்டுள்ள சிலர்,
மட்டக்களப்பு.