பேரனிடம் தப்பாகச் சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று போன ஞாயிறு பதிப்பில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். எல்லாமே டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கிற இடங்கள். குறை சொல்லவில்லை; நானும் என் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போனேன். ஆனால் ஓர் இடம், நம் நாட்டிலேயே ஓர் ஆற்றங்கரை, விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்ல நான் கனடாவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் குடும்பம் டொரொண்டோவில் இருக்கிறது. போன ஜூலையில் நானும் மனைவியும் போயிருந்தோம். மருமகன் எங்களை அல்கோன்குயின் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பூங்கா என்றதும் தித்திவங்சா ஏரிக்கரை மாதிரி எதையோ நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால், 1893-இல் ஏற்படுத்திய 7,600 சதுர கிலோமீட்டர் காடு. நம் சிலாங்கூரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஏரிகள். நெடுஞ்சாலையை விட்டால் உள்ளே போகப் பெரும்பாலும் படகுதான். இரண்டு கனு படகில் ஆறு பேர், நான்கு நாள்.

புறப்படும் முன்பே தகராறு. மனைவி ஆறு சார்டின் டின் வாங்கி வைத்திருந்தாள். மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துக் காரிலேயே வைத்துவிட்டார். "அத்தை, உள்ளே டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டு போகக்கூடாது. சட்டம்." காலி டின்னைத் திரும்பக் கொண்டு வந்துவிடுகிறேன் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். கடைசியில் டப்பாவில் அடைத்த நெத்திலி சம்பல் மட்டும் ஏறியது. அதையும் இரவில் கரடிக்குப் பயந்து பையோடு மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் ஏரி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அணை. படகு போகாது. கரையில் மஞ்சள் பலகை, அதில் படகைத் தலையில் சுமக்கும் மனிதனின் படம், கீழே 295 மீ. இதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர், சுமப்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்ததாம். அடுத்த ஏரி வரை படகையும் சாமானையும் நாம்தான் தூக்கிப் போக வேண்டும். மருமகன் படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் ஏற்றினார். நடுவில் இருக்கும் குறுக்குக் கட்டையைக் கழுத்துக்கு இடம் விட்டு வளைவாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் அதை நுகத்தடி என்றுதான் சொல்கிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் படகுக்கு இரண்டு கால் முளைத்து நடக்கிற மாதிரி இருந்தது. பேரன் சிரித்துச் சிரித்து லைஃப் ஜாக்கெட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படகு 20 கிலோ சொச்சம்தான். 31 வருடம் இரயில்வே பட்டறையில் இரும்பு தூக்கியவன் நான், அடுத்ததை நானே தூக்குகிறேன் என்றேன். விடவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்; பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. நல்ல வேளை, விடவில்லை. இரண்டு படகுக்கும் போய், திரும்பி, மறுபடி போய், மருமகன் நடந்தது மொத்தம் 885 மீட்டர்.

அன்று இரவு ஜோ ஏரிக்கரையில் கூடாரம். ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தது. இருட்டியதும் தண்ணீரில் இருந்து ஒரு ஊளை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். லூன் என்கிற பறவையாம், அந்த ஊர் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது அதுதான். ஒரு பறவைக்கு அவ்வளவு பெரிய குரல். அப்போதுதான் பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க ஊர்ல போர்ட்டேஜ் இருக்கா?"

இல்லையப்பா என்றேன்.

ஊர் திரும்பிய பிறகு, செந்தூலில் வழக்கமாக உட்கார்கிற கடையில் இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த நண்பர் தே தாரிக்கை ஆற்றியபடியே, "உங்க பகாவ் பக்கம்தானே ஐயா பெனாரிக்கான்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. நான் வளர்ந்தது நெகிரி செம்பிலானில் உள்ள அந்தப் பகாவ் பக்கம்தான்; சிறுவயதில் எத்தனையோ தடவை காதில் விழுந்த பெயர். மலாயில் தாரிக் என்றால் இழுப்பது, அதில் இருந்துதான் பெனாரிக்கான். மலாக்கா நீரிணைப் பக்கம் இருந்து மூவார் ஆற்றில் ஏறி, ஜெம்போல் ஆற்றுக்குள் புகுந்து, அங்கே படகைத் தரையில் கொஞ்ச தூரம் இழுத்து, செர்திங் ஆற்றில் இறக்குவார்கள். அப்புறம் பெரா, பகாங் ஆறுகள் வழியாகத் தென்சீனக் கடல். தீபகற்பத்தின் தெற்கு முனையைச் சுற்றிப் போகிற வேலை மிச்சம். 1511-இல் மலாக்கா விழுந்தபோது சுல்தான் மஹ்முட் ஷா பகாங்குக்குப் போனதும் இந்த வழிதான் என்கிறார்கள்.

அந்த செர்திங் ஆற்றில்தான் ஐயா நான் நீச்சல் பழகினேன். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிவிட்டு வந்து, தேடிப் பிடித்து, கரையிலேயே வைத்து அடித்திருக்கிறார். நான் முங்கிக் குளித்த தண்ணீர் இரண்டு கடலைச் சேர்த்த பாதை என்று எந்த வகுப்பிலும் என் காதில் ஏறவில்லை. கனடாவில் 295 மீட்டருக்குப் பலகை வைத்துக் காட்டினால் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு நாள் இதற்கு இடம் கொடுங்கள். பெரிய கட்டுரை வேண்டாம், ஐந்து ஆறுகளும் தெரிகிற மாதிரி ஒரு வரைபடம் போதும். பக்கத்திலேயே தாசேக் பெரா ஏரியையும் குறியுங்கள். முக்கியமான ஈரநிலங்களுக்கான அனைத்துலக ராம்சார் பட்டியலில் 1994-இல் சேர்ந்த, இந்நாட்டின் முதல் ஈரநிலம் அது. அந்த வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் ஆற்றைப் பற்றி நினைவில் இருப்பதை உங்களுக்கு எழுதினால் இன்னும் நல்லது.

டிசம்பரில் பேரன் வருகிறான். மழைக்காலம், ஆற்றில் இறங்க விடமாட்டேன்; கரையில் நடந்து காட்டுவேன். இந்தத் தடவை சார்டின் டின்னை யாரும் தடுக்க முடியாது என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள். சரி, காலி டின் செந்தூலுக்குத் திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இரயில்வே தொழிலாளி,
செந்தூல், கோலாலம்பூர்